வெள்ளிக்கிழமை கொடுக்காத கார்

வெரிபீ, மெல்பேர்ண்
24 ஓகஸ்ட் 2025, ஞாயிறு

அக்கா,

என் பெயரைப் பார்த்ததும் இந்த ஈமெயிலை அழித்துவிடாதீர்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் கதைக்கலாம்தான். ஆனால் இரண்டாவது நிமிடத்தில் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள், மூன்றாவது நிமிடத்தில் நான் வைத்துவிடுவேன். எழுதும்போது மட்டும் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் நல்ல மனிதர்கள். அதோடு இந்தப் புது வீட்டுச் சுவர்கள் வெறும் மட்டை. குசினியில் கரண்டி விழுந்தால் கராஜில் கேட்கும். சிவாஜினியின் காதில் இது விழக் கூடாது.

என் வேலை போய்விட்டது. இந்த மாதம் எட்டாம் திகதி. எங்கள் பிரிவில் பதினொரு பேரை ஒரே காலையில் அனுப்பினார்கள். லப்ரொப்பை வாங்கிக்கொண்டு, வாசல் வரை கூட வந்து வழியனுப்பினார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள்.

வேலை இன்னொன்று கிடைக்கும். பிரச்சினை அந்த வெள்ளைக் கார். டிசம்பரில் நத்தாருக்குப் பத்து மணித்தியாலம் ஓட்டிவந்து உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேனே, அதே மின்சாரக் கார். அது ஐந்து வருட லீஸ். வரி கழிப்பதற்கு முதலே சம்பளத்தில் பிடித்து, கொம்பனியே லீஸ்காரருக்குக் கட்டிக்கொண்டிருந்தது. இன்சூரன்ஸ், ரயர், சேர்விஸ் எல்லாம் அதற்குள்தான். வேலை நின்றதும் அந்த ஏற்பாடு முழுவதும் என் தலையில் விழுந்துவிட்டது. இன்னும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஒன்று நானே கட்ட வேண்டும், இல்லையென்றால் இடையில் முறித்துக் காரை ஒப்படைக்க வேண்டும். முறித்தால் அதை ஏலத்தில் விற்றுவிட்டு, மிச்சக் கடனை என்னிடம் கேட்பார்கள். இருபதாயிரம் டொலருக்குக் குறையாது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அத்தான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சம்பளத்தில ஓடுற கார் தம்பி. சம்பளம் நிண்டா அதுவும் நிண்டிடும்." கையைக்கூடக் கழுவாமல் எழும்பிப் போனேன். அவர் சொன்னது சரி என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

சிவாஜினிக்கு நேர்ஸ் பதிவுக்கான செய்முறைப் பரீட்சை ஒக்ரோபர் பதினைந்தில். யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் நேர்ஸாக இருந்தவள், என்னைக் கலியாணம் கட்டி இங்கே வந்து முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பரீட்சைக்காக வேலை நாட்களைப் பாதியாகக் குறைத்திருக்கிறாள். இப்போது சொன்னால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எல்லா நாளும் வேலைக்குப் போவாள். எனக்கு அவளைத் தெரியும். ஆகவே நான் இன்னும் காலை ஏழரைக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு காரில் புறப்படுகிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் போன் எடுத்தால், எனக்கு வேலை இருக்கிற மாதிரியே கதையுங்கள்.

யுகன்


கெல்லிவில்
26 ஓகஸ்ட்

தம்பி,

எட்டு மாதம் வாய் திறக்காதவன், திறந்த முதல் நாளே பொய் சொல்லச் சொல்கிறாய். நல்லது. நீ மாறவில்லை என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி.

உன் கடிதத்தை வேலையிடத்தில் வாசித்தேன். ரத்தம் எடுக்க ஆட்கள் வரிசையில் இருந்தார்கள். வாசித்துவிட்டு நரம்பைத் தவறவிட்டு, ஒரு மனுசிக்கு இரண்டு தரம் குத்த வேண்டியதாகிவிட்டது. அத்தானிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஒன்றும் பேச மாட்டார். ஆனால் ஒரு கிழமைக்கு அந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் திரிவார். அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை.

சிவாஜினியிடம் சொல்லிவிடு. பரீட்சை பரீட்சை என்று எழுதியிருக்கிறாய். அது பாதிதான். மிச்சப் பாதி உன்னுடைய வீம்பு. வேலை போனது உனக்கு வெட்கம். அந்தக் கார் வாசலில் இல்லாமல் போவது அதைவிட வெட்கம். கார் நிற்கும் வரைக்கும் வேலை இருக்கிற மாதிரி. அதுதானே கணக்கு?

நானாக அவளிடம் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நேரே கேட்டால் எனக்குப் பொய் வராது.

பகல் முழுக்க எங்கே போகிறாய்? அதை நீ எழுதவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா


வெரிபீ
2 செப்ரெம்பர்

அக்கா,

பயப்படுகிற இடத்துக்கு ஒன்றும் போகவில்லை. த பேசின் என்ற ஊருக்குப் போகிறேன். நகரத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, மலையடிவாரம் வரை, ஒன்றரை மணித்தியாலம். இங்கே வெரிபீயில் நின்றால் யாராவது தமிழர் கண்டுவிடுவார்கள். அங்கே உள்ள பிள்ளையார் கோயிலில் கிழமை நாளில் கூட்டம் இருக்காது.

முதல் நாள் கார் தரிப்பிடத்திலேயே சாப்பிட்டேன். இரண்டாம் நாள் புஷ்பவல்லி அன்ரி கண்ணாடியில் தட்டினார். கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டுகிறவர். "தம்பி, சும்மாதானே இருக்கிறீர், வந்து பூசணிக்காயை வெட்டித் தாரும்" என்றார். இப்போது தினமும் வெட்டுகிறேன். பூசணி, கத்தரி, வாழைக்காய். அவர் எதுவும் கேட்பதில்லை. பத்து வருடம் கணினியில் செய்த வேலையைவிட இது எனக்கு நன்றாக வருகிறது என்று தோன்றுகிறது. பின்னேரம் பழைய நேரத்துக்கே வீடு திரும்புகிறேன்.

இதே தரிப்பிடத்தில்தான் காருக்குப் பூசை செய்தோம். நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோது மூன்று நசிந்தது, ஒன்று நசியாமல் உருண்டு ஓடிவிட்டது. சிவாஜினி அதைத் துரத்திக்கொண்டு ஓடினாள். இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.

சிவாஜினிக்குச் சந்தேகம் இல்லை. காருக்கு ஒரு ஆப் இருக்கிறது. கார் எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் என்று காட்டும், சாவி இல்லாமலே அதால் கதவைத் திறந்து காரை ஓட்டவும் செய்யலாம். வாங்கிய அன்று இரண்டு பேரின் போனிலும் போட்டோம். அவள் அதைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. புத்தகமும் கையுமாக இருக்கிறாள்.

இன்று சாப்பாட்டுப் பெட்டி கனத்தது. "கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறன். ஆருக்கும் குடுக்கிறதெண்டாக் குடுங்கோ" என்றாள். அவளுக்கு எப்போதும் தாராள மனம்.

யுகன்


கெல்லிவில்
7 செப்ரெம்பர்

யுகன்,

உன் மண்டைக்குள் மூளை இருக்கிறதா, பூசணிக்காய் இருக்கிறதா? நாலு வருடமாக ஒரு ஆளுக்கு அளந்து போட்ட பெண், திடீரென்று இரண்டு ஆளுக்குப் போட்டுத் தருகிறாள். "ஆருக்கும் குடுங்கோ" என்கிறாள். நீ அதைத் தாராள மனம் என்று எழுதுகிறாய்.

நேற்று அவள் எனக்கு எடுத்தாள். நல்ல சுகம் விசாரித்தாள். பிறகு, நோயாளிக்குப் பிரஷர் பார்க்கிற நேர்ஸின் குரலில் கேட்டாள்: "அக்கா, இவர் உங்களோட கதைக்கிறவரோ?"

பொய் வராது என்று எழுதினேன். வந்தது, தம்பி. தண்ணீர் மாதிரி வந்தது. "இல்லையம்மா, நத்தாருக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. அவனுக்கு வேலை கூடப் போல." வேலை என்ற சொல்லையும் நானே போட்டேன், அவள் கேட்காமலே.

"ஓமக்கா, சரியான வேலை" என்றாள். வைத்துவிட்டாள்.

அந்த "ஓமக்கா" நேற்றிலிருந்து என் காதுக்குள்ளேயே இருக்கிறது. அவளுக்கு ஏதோ தெரியும். எவ்வளவு தெரியும் என்பது தெரியவில்லை. நீ மறைக்கிற விஷயத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றை அவள் மனதில் கட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்குப் பயம். வேலை போவது மன்னிக்க முடியாத குற்றம் இல்லை. சொல்.

அந்த எலுமிச்சம்பழக் கதையை நீ இதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை. சிரித்தீர்களாம்.

அக்கா


வெரிபீ
14 செப்ரெம்பர்

அக்கா,

நீங்கள் சொன்னபடியே அவளிடம் சொல்லப் போகிறேன். லீஸை முறிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வருகிற வெள்ளி, பத்தொன்பதாம் திகதி காலை பத்து மணிக்கு இங்கே பக்கத்தில் ட்ருகனினாவில் உள்ள லீஸ்காரரின் யார்டில் காரைக் கொடுக்க வேண்டும். உள்ளே குப்பை இருக்கக் கூடாது, இரண்டு சாவியும் வேண்டும், சார்ஜ் கம்பியும் வேண்டும் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள்.

வியாழன் பின்னேரம் சிவாஜினியிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அடுத்த நாள் கார் போவதால் சொல்லாமல் இருக்க முடியாது. என்னை எனக்குத் தெரியும், அக்கா. பின்னால் ஒரு தள்ளு இல்லாமல் என் வாய் திறக்காது. அந்தத் தள்ளுக்காகத்தான் இந்தத் திகதி.

இதோடு ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் சனி, ஞாயிறு வேலை கிடைத்திருக்கிறது. பெட்டி அடுக்குவது. அவளிடம் ஓவர்ரைம் என்று சொல்லியிருக்கிறேன். கடைசிப் பொய், சத்தியமாக.

நேற்று அவள் காரைக் கழுவினாள். நான் கேட்காமலே. இருக்கைகளுக்கு நடுவிலும், அவற்றுக்குக் கீழேயும் கையை விட்டு விட்டுத் துடைத்தாள். மிக ஆறுதலாக, அவசரப்படாமல், எதையோ தொலைத்தவள் மாதிரி. "என்ன தேடுறீர்?" என்றேன். "ஒண்டுமில்லை, தலைமயிர் கிடக்கோ எண்டு பாத்தனான்" என்றாள்.

யுகன்


கெல்லிவில்
16 செப்ரெம்பர்

தம்பி,

தலைமயிர் தேடுகிறாள். உனக்கு இன்னுமா விளங்கவில்லை? நீ ஒரு பெண்ணைப் பார்க்கப் போகிறாய் என்று நினைக்கிறாள். வியாழக்கிழமையைக் கைவிடாதே. சொல்லிவிடு.

ஆனால் ஒன்று. காரை வெள்ளிக்கிழமை கொடுக்காதே. வீட்டை விட்டு வெள்ளிக்கிழமை ஒரு பிடி உப்புக்கூட நாங்கள் கொடுப்பதில்லை. பிள்ளையாரிடம் வைத்து எடுத்த வாகனத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாயா? இருபது வருடமாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் இப்படி எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரி. அத்தான் பழைய வீட்டுச் சாவியை ஒரு வெள்ளிக்கிழமை கொடுத்தார், நான் தடுக்கவில்லை. அந்த வருடம் நாங்கள் பட்டது உனக்குத் தெரியும். வெள்ளி என்றால் எனக்குக் கை வராது.

இரண்டு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது. திங்கள் கொடு. எனக்காகச் செய்.

அக்கா


வெரிபீ
18 செப்ரெம்பர், வியாழன்

அக்கா,

யார்டுக்கு எடுத்தேன். சனி, ஞாயிறு அவர்கள் பூட்டு. திங்கள் காலை பத்து மணிக்கு மாற்றித் தந்தார்கள். உண்மையைச் சொன்னால் நீங்கள் வெள்ளி வேண்டாம் என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் தள்ளிப்போக யாராவது காரணம் தரமாட்டார்களா என்றுதான் இருந்தேன்.

ஒரு சின்ன விஷயம். லீஸோடு சேர்ந்த இன்சூரன்ஸ் நாளை மாலை ஐந்து மணியோடு நிற்கிறது. திகதியை நான் மாற்றியதால் அது மாறாதாம். இரண்டு நாள்தானே. சனி, ஞாயிறு வேலைக்கு என்னைக் கூட்டிப்போக ஆள் வரும். கார் வீட்டு வாசலை விட்டு அசையாது. இரண்டு சாவியையும் அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

கார் திங்கள்தான் போகிறது என்பதால் சிவாஜினியிடமும் ஞாயிறு பின்னேரம் சொல்லலாம் என்று இருக்கிறேன். கோபிக்காதீர்கள்.

இன்று காலை அவள் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்களுக்கு என்னட்டைச் சொல்லுறதுக்கு ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். வாய் வரை வந்தது, அக்கா. "பால் முடிஞ்சுது. வரேக்கை வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன்.

"சரி" என்று எழும்பிப் போய்விட்டாள்.

யுகன்


கெல்லிவில்
19 செப்ரெம்பர், வெள்ளி, பின்னேரம் நாலே முக்கால்

யுகன்,

இப்போதுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். வேலையில் நின்றபடி எழுதுகிறேன். ஏழு தரம் எடுத்துவிட்டேன், ஏன் எடுக்கிறாய் இல்லை?

இன்சூரன்ஸ் நிற்கும் என்று எனக்கு ஏன் முதலே சொல்லவில்லை? தெரிந்திருந்தால் வெள்ளியாவது மண்ணாங்கட்டியாவது, இன்றைக்கே கொண்டுபோய்க் கொடு என்றிருப்பேன். யார்டுக்கு எடுத்துப் பார். இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது. கேட்டைத் தாண்டிக் காரை விட்டுவிட்டு நடந்து வா.

சரிவராவிட்டால் அந்தக் காரை யாரும் தொடக் கூடாது. நீ எழுதியதை மறந்துவிட்டாய். அதைத் திறக்கச் சாவி வேண்டாம். அவள் போனில் ஆப் இருக்கிறது. அரிசி வாளிக்குள் எதைப் புதைத்து என்ன?

சிவாஜினிக்கு நான் எடுக்கவா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எடுத்தால் உன்னுடைய பொய்யோடு என்னுடைய பொய்யும் சேர்ந்து வெளியே வரும். நீயே சொல்லு. இன்றிரவே. ஞாயிறு வேண்டாம்.

அக்கா


கெல்லிவில்
21 செப்ரெம்பர், ஞாயிறு, மத்தியானம்

யுகன்,

போன் நிறுத்தி வைத்திருக்கிறாய். வேலையிடத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். இதையாவது உடனே பார்.

சிவாஜினியின் மெசேஜ் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன். அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, இண்டைக்கு அமாவாசை. த பேசின் கோயிலுக்குக் காரில போறன். இவர் ஒவ்வொரு நாளும் அங்கை ஆரைப் பாக்கப் போறவர் எண்டு பாத்திட்டு வாறன்."

எத்தனை நாளாக அந்த ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

அவளுக்கும் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது, எடுக்கிறாள் இல்லை. அங்கே மழை என்று செய்தியில் காட்டுகிறான். அவளைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொல் எழுது. ஒரே ஒரு சொல் போதும்.

அக்கா


மெல்பேர்ண், ஆஸ்பத்திரி
26 செப்ரெம்பர்

அக்கா,

அத்தானிடம் போனில் சொன்னேன். உங்களிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் நிற்க மாட்டேன். ஆப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை வெள்ளி இரவே பார்த்தும், ஞாயிறு பின்னேரம் வரை பொறுக்கலாம் என்று விட்டவன் நான்.

சிவாஜினி உயிரோடு இருக்கிறாள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, வலது கால், வலது மணிக்கட்டும். மணிக்கட்டுக்குள் தகடு வைத்திருக்கிறார்கள். விரல்கள் முழுதாக மடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்வார்களாம். ஊசி பிடிக்கிற கை, அக்கா. எந்தப் பரீட்சைக்காக மறைத்தேனோ அந்தப் பரீட்சை இனி இல்லை.

கோயிலிலிருந்து இறங்கி வருகிற வளைவில் நடந்தது. நல்ல மழை. எதிரே வந்த பைப் வேலைக்காரருடைய வாகனத்தின் பக்கவாட்டில் இடித்து, பிறகு மரத்தில். அந்த மனிதருக்குக் காயம் இல்லை. அம்புலன்ஸ் வரும்வரை மழையில் நின்று அவள் தலைக்கு மேலே குடை பிடித்தவர் அவர்தான். அவருடைய இன்சூரன்ஸ்காரர் திருத்தச் செலவைக் கேட்டு எனக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். எங்கள் கார் நசிந்துபோனது. லீஸ்காரருக்கு இனி முழுக் கடனும் என் கணக்கில்தான், விற்பதற்கே கார் இல்லை. இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, எதுவும் மனதில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டணம் அரசாங்கத்தின் கணக்கில் போகிறது. அதை மட்டும் யோசிக்க வேண்டியதில்லை.

நேற்று அவள் முதல் தரம் நீளமாகக் கதைத்தாள். கோயிலில் பெண்களைப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறாள். எவள் என்று. கடைசியில் மடப்பள்ளி வாசலில் புஷ்பவல்லி அன்ரியிடம் என் படத்தைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். "ஐயோ பிள்ளை, நீர் யுகன் தம்பியின்ரை மனுசியோ? ஒவ்வொரு நாளும் வந்து மரக்கறி வெட்டித் தாற பிள்ளை. வேலை பறிபோட்டுது போல, நான் கேக்கேல்லை. உம்மடை சாப்பாட்டை எனக்கும் தாறவர். நல்ல கைப்பக்குவம் உமக்கு" என்றாராம்.

"மழைக்கை ரோட்டுத் தெரியேல்லை எண்டு பொலிஸுக்குச் சொன்னனான். மழையில்லை. நான் அழுதுகொண்டு கார் ஓடினனான்" என்றாள். "சந்தோசத்திலை."

யுகன்


கெல்லிவில்
29 செப்ரெம்பர்

தம்பி,

இதை நாலு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று எழுதியவள் நான். அதை அத்தானிடம் சொல்லிவிட்டேன். எழும்பிப் போய் எனக்குத் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். அந்த முகத்தையாவது காட்டியிருக்கலாம்.

ஆனால் அத்தானிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஞாயிறு மத்தியானம், சிவாஜினியின் மெசேஜை இப்போதுதான் பார்த்தேன் என்று உனக்கு எழுதினேன். அது பொய். காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. வந்த உடனேயே பார்த்தேன். அமாவாசைச் சமையலுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன், போன் பக்கத்திலேயே கிடந்தது.

"சிவாஜினி, காரை எடுக்காதை" என்று எழுதினேன். அனுப்பவில்லை. ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்பாள். இன்சூரன்ஸ் என்றால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். நத்தாருக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை என்று சொன்ன வாயால் என்ன சொல்வது? அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன், மழை, ரோட்டுக் கவனம் என்று. அதையும் அழித்தேன். எழுதுவதும் அழிப்பதுமாகக் கொஞ்ச நேரம் போனது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாழைக்காயைச் சீவினேன். ஒரு கோயிலுக்குத்தானே போகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் மானத்தைக் காப்பாற்றப் போய் அவளை விட்டுவிட்டேன், தம்பி. வேறு எந்தச் சொல்லும் இதற்கு இல்லை.

வருகிற சனி பிளேனுக்கு இடம் பார்த்திருக்கிறேன். வந்து அவளுக்குச் சமைத்துப் போட்டு, தலை வாரிவிட்டு, அவள் எழும்பும் வரை நிற்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதங்கள் எதையும் அவள் பார்க்க வேண்டாம். முக்கியமாக இதை. அழித்துவிடு.

அக்கா


மெல்பேர்ண், ஆஸ்பத்திரி
1 ஒக்ரோபர்

அக்கா,

அழிக்கவில்லை. இனி எதையும் மறைப்பதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குப் போனைப் பிடிக்கக் கை வராததால் நான் பக்கத்தில் இருந்து எல்லாக் கடிதங்களையும் வாசித்துக் காட்டினேன். முதல் கடிதத்திலிருந்து, ஒன்றையும் விடாமல். இரண்டு பின்னேரம் எடுத்தது.

எலுமிச்சம்பழத்தில் கொஞ்சம் சிரித்தாள். பால் முடிந்துவிட்டது என்று நான் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வேலைக்குப் போவதில்லை, த பேசினுக்குத்தான் போகிறேன் என்பது அப்போதே அவளுக்குத் தெரியுமாம். உங்களோடு நான் கடிதப் போக்குவரத்து வைத்திருப்பதும் தெரியுமாம். என் போனில் உங்கள் பெயர் வந்து வந்து போனதைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எடுத்துக் கேட்டிருக்கிறாள். வெள்ளியில் காரைக் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியதற்கு அவள் கோபிக்கவில்லை. "நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்" என்றாள்.

உங்கள் கடைசிக் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். சனிக்கிழமை வரச் சொல்லவா, வேண்டாம் என்று எழுதவா என்று கேட்டேன். தான் சொல்வதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

"அக்கா எழுதுறா எண்டு போனிலை காட்டினது. நான் கார்க் கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நிண்டிட்டுது. திரும்பவும் காட்டினது. திரும்பவும் நிண்டிட்டுது. அக்கா என்னவோ சொல்லப்போறா, அதைப் பாத்திட்டுப் போவம் எண்டு மழைக்கை ஐஞ்சு நிமிசம் நிண்டனான். பிறகு ஒண்டும் வரேல்லை. அதுக்குப் பிறகுதான் ஏறினனான் எண்டு அக்காவுக்கு எழுதுங்கோ."

யுகன்